மேற்கு வெயிலும் அரை இஞ்சுக் கம்பியும்

முயல் கூண்டு வேண்டுமென்று வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் போனோடுதான் பட்டறைக்குள் நுழைகிறார்கள். ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, அச்சு அசல் இதே மாதிரி வேணும்" என்பார்கள். படத்தில் இருப்பது அநேகமாக இங்கிலாந்துக் கூண்டு. சரிவான கூரை, மூன்று பக்கமும் பலகை அடைத்த பெட்டி, முன்னால் மட்டும் கொஞ்சம் வலை, ஓரத்தில் சின்னதாக ஒரு ஏணி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். பனி கொட்டுகிற ஊரில் குளிரும் ஈரமும் உள்ளே வராமல் இருக்க யாரோ யோசித்துச் செய்த சாமான் அது. அதே பெட்டியைத் திண்டுக்கல்லில் சித்திரை மாதம் மொட்டை மாடியில் வைத்தால் இட்லிக் கொப்பரைதான்.

நான் தச்சு வேலைக்காரன். நிலை, கதவு, ஜன்னல், கட்டில் என்று கற்றுக்கொண்ட தொழில். இரும்பு நிலையும் பிளாஸ்டிக் கதவும் வந்தபின் அந்த வேலை மெலிந்துபோயிற்று. கோழிக்கூடு, புறாக்கூண்டு, நாய்க்கு வீடு என்று கேட்டதையெல்லாம் செய்து கொடுத்ததில் முயல் கூண்டும் வந்து சேர்ந்தது. மற்றவற்றை ஓரளவு கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம். முயல் அப்படி விடாது. கோழிக்கு வலி வந்தால் கத்தும், நாய் ஊரையே எழுப்பும். முயல் சத்தமில்லாமல் ஒரு மூலையில் உட்காரும், தீனியை விட்டுவிடும், மறுநாள் செத்துக் கிடக்கும். பிறகு வீட்டுக்காரர் என்னிடம் வந்து, "நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்.

எங்கள் ஊருக்கு முயல் வரும் வழிகளில் ஒன்று மலை. கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆட்டோடு முயலும் அங்கே வளர்க்கிறார்கள். ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்று பெரிய உடம்புக்கார இனங்கள். 6,000 அடிக்கு மேலே இருக்கிற ஊர் அது, மே மாதத்திலும் ஸ்வெட்டர் கேட்கும். மலைப்பக்கம் சுற்றுலா போய் முயலைப் பார்த்த பிள்ளைகள் வீட்டுக்கு வந்து அடம்பிடிப்பார்கள். அப்பா எங்காவது ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வருவார். அதற்கப்புறம்தான் கூண்டு நினைவுக்கு வரும்.

வீட்டில் வளர்க்கும் முயல் எந்த நிறமானாலும், காது நிமிர்ந்ததானாலும் தொங்கியதானாலும், ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் காட்டு முயலின் வம்சம்தான். மண்ணுக்குள் வளை தோண்டி, வெயில் நேரத்தைக் குளிர்ந்த பொந்தில் கழித்த பிராணி. அதற்கு வியர்வை கிடையாது என்றே சொல்லலாம். உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே தள்ளும். 15 டிகிரியிலிருந்து 25 வரை சுகமாக இருக்கும். 30-ஐத் தாண்டினால் மூச்சு வாங்கத் தொடங்கும். 35-க்கு மேல் போய், நிழலும் காற்றும் இல்லாவிட்டால் உயிருக்கே மோசம். வெயில் காலத்தில் கிடாய் முயல்கள் சில வாரங்களுக்கு மலடாகிவிடுவதும் உண்டு. எங்கள் ஊரில் கத்திரி வெயில் 40-ஐ எட்டிப்பார்க்கும். அதனால் யாராவது முயல் கூண்டு கேட்டால் நான் முதலில் அளவு கேட்பதில்லை, மரம் என்ன என்று பேசுவதில்லை. "எந்த இடத்துல வைக்கப் போறீங்க, அதைக் காட்டுங்க" என்பேன்.

இடம் பார்க்கப் போவதென்றால் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் போவேன். காலையில் எந்த மூலையும் குளுகுளுவென்றுதான் இருக்கும். உச்சி வெயிலைக் கூரை வாங்கிக்கொள்ளும். கொல்லுவது சாய்ந்து வருகிற மேற்கு வெயில். அது கூரைக்குக் கீழே நுழைந்து, கம்பி வழியாக நேரே முயல் மேல் விழும். ஆகவே வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் இடமிருந்தால் முதல் மரியாதை அதற்கு. கூண்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும், குறுகிய பக்கம் மட்டும் மேற்கைப் பார்க்கலாம், அந்தப் பக்கத்தை ஓலைத் தட்டியால் அடைத்துவிடலாம். இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நம் பக்கம் ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, மே, ஜூன் மாதங்களில் சற்று வடக்கே சரிந்துவிடும். வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று நம்பி அந்தப் பக்கம் கூரையை ஒட்ட வெட்டுகிறவர்கள் அங்கேதான் ஏமாறுவார்கள். நான்கு புறமும் கூரை ஒன்றே கால் அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும்.

சுவரை ஒட்டிக் கூண்டு வைப்பதும் எனக்குப் பிடிக்காது. பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் சுவர் ராத்திரி முழுக்கக் கக்கும். ஒன்றரை அடி தள்ளினால் பின்பக்கம் காற்றும் ஓடும், கூட்டிப் பெருக்கக் கையும் நுழையும். மரத்தடி என்றால் புங்கை, வேம்பு இரண்டும் நல்ல நிழல். தென்னைக்கு அடியில் வேண்டவே வேண்டாம். மட்டை விழுந்தால் கூரை போகும், காய் விழுந்தால் என்ன போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூரைக்கு எதைப் போடுவது என்பதில் இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு நடக்கும். தகரம் மலிவு, சீக்கிரம் முடியும், ஆனால் அடியில் நிற்க முடியாது. சிமென்ட் சீட்டும் சூட்டை இறக்கத்தான் செய்யும். குளிர்ச்சியில் ஓலைக்கு நிகரில்லை. ஆனால் தென்னங்கீற்று ஒரு வருஷம்தான் தாங்கும், பனையோலை இரண்டு மூன்று வருஷம். ஓலைக்குள் எலி குடியேறும், எலியைத் தேடி சாரை வரும், சில சமயம் நல்லதும் வரும். நான் கைக்கு வசதியிருக்கிறவர்களுக்கு நாட்டு ஓடு போடுகிறேன், பழைய வீடு இடிக்கிற இடத்தில் மலிவாகக் கிடைக்கும். ஓட்டின் இடுக்குகளில் சூடான காற்று மேலே ஏறிப் போய்விடும். தகரம்தான் முடியுமென்றால் மேலே சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் நாலு கீற்றைப் பரப்பிக் கட்டச் சொல்வேன். எதைப் போட்டாலும் இழுத்துக் கட்ட வேண்டும். ஆடிக்காற்று பழனி, ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து வீசுகிற வேகத்துக்கு, வெறும் ஆணியில் நிற்கும் சீட்டு அடுத்த தெருவில்தான் இறங்கும்.

இனி தரை. என்னைக் கேட்டால் முயல் கூண்டின் தரத்தைத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். வாங்குகிறவர்கள் பார்ப்பது முகப்பை. முயல் இருபத்திநாலு மணி நேரமும் உட்கார்ந்திருப்பது தரையில்.

பண்ணைக்காரர்கள் முழுத் தரையும் கம்பியாகவே போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும், வேலை மிச்சம். பண்ணை முயல் சில மாதங்களில் எடைக்குப் போய்விடும். வீட்டு முயல் எட்டு வருஷம், பத்து வருஷம்கூட இருக்கும். நாய், பூனைக்கு இருக்கிற மெத்தென்ற பாதச்சதை முயலுக்குக் கிடையாது, வெறும் ரோமம்தான். மூன்று நான்கு கிலோ உடம்பு வருஷக்கணக்கில் கம்பிமேல் உட்கார்ந்தால் பின்னங்கால் குதியில் ரோமம் தேய்ந்து, தோல் சிவந்து, புண்ணாகிவிடும். எளிதில் ஆறாது. அதனால் வீட்டுக் கூண்டில் நான் மூன்றில் இரண்டு பங்கைப் பலகையாக அடைப்பேன். மிச்சம் ஒரு பங்கு மட்டும் கம்பி.

எந்தப் பக்கம் கம்பி போடுவது என்று முயலைத்தான் கேட்க வேண்டும். அது கழிக்க ஒரே மூலையைப் பிடித்துக்கொள்ளும் பிராணி, அநேகமாக இருட்டான மூலை. வீட்டில் தற்காலிகமாக அட்டைப்பெட்டியில் வைத்திருப்பார்கள் இல்லையா, அதில் எந்த மூலை நனைந்திருக்கிறது, தீனித் தட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்று பார்த்துக்கொள்வேன். கூண்டிலும் மறைவறை, தீனி, மூலை மூன்றையும் அதே ஒழுங்கில் அமைத்தால் முயல் உடனே பிடித்துக்கொள்ளும். அடியில் இழுத்தெடுக்கிற மாதிரி ஒரு தட்டு. முயல் மூத்திரத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், வெள்ளையாகப் படிந்து கல்லாகிவிடும். வினிகர் ஊற்றி அரை மணி ஊறவிட்டால் பெயர்ந்து வரும். சில நாள் மூத்திரம் செங்கல் நிறத்தில் இருக்கும், ரத்தம் என்று பதறிப்போய் எனக்கே போன் செய்தவர்கள் உண்டு. தின்ற தழையினாலும் அப்படி நிறம் மாறும். ஆனாலும் அது விடாமல் தொடர்ந்தாலோ, முயல் முக்கினாலோ மாட்டாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், தச்சனிடம் இல்லை.

கம்பி விஷயத்தை விரல் வைத்துப் பார்த்துச் சொன்னால்தான் புரியும். கடையில் 'வெல்டு மெஷ்' என்று கேட்டால் பல தினுசு எடுத்துப் போடுவார்கள். தரைக்கு அரை இஞ்சுக்கு ஒரு இஞ்சுக் கட்டம். புழுக்கை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான், அரை இஞ்சு இடைவெளியில் தாராளமாக விழும், முயலின் கால் மாட்டாது. இந்த வலையில் ஒரு பக்கம் நெருக்கமான கம்பிகள் மேலே ஏறியிருக்கும், மறுபக்கம் அகலமாக ஓடுகிற கம்பிகள் மேலே இருக்கும். உள்ளங்கையைத் தேய்த்தாலே தெரியும். நெருக்கமான கம்பிகள் மேலே வருகிற மாதிரிப் பொருத்த வேண்டும். திருப்பிப் போட்டால் ஒரு இஞ்சுக்கு ஒரு கம்பிமேல் மொத்த எடையும் இறங்கும். அடுத்தது கேஜ். எண் கூடக்கூடக் கம்பி மெலிசு, இது தெரியாமல் 18 கேஜை உசத்தி என்று வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். 14 கேஜ் என்றால் இரண்டு மில்லிமீட்டர் கனம், அதற்குக் குறைந்து நான் தரைக்குப் போடுவதில்லை.

கடைசியாக, கம்பி சேருகிற முடிச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கம்பிகளை வலையாக ஒட்டவைத்த பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்திருந்தால் முடிச்சின்மேல் வெள்ளி நிறத்தில் வழுவழுவென்று மூடியிருக்கும். ஏற்கெனவே பூச்சுப் போட்ட கம்பியை ஒட்டவைத்ததானால் முடிச்சில் கறுப்பாகக் கருகிய புள்ளி தெரியும், அந்த இடத்தில் பூச்சு எரிந்துபோயிருக்கும். மூத்திரம் பட்டதும் துரு அங்கேதான் ஆரம்பிக்கும், ஆறு மாதத்தில் முடிச்சு விடும், நீட்டிக்கொண்டிருக்கிற முனை காலைக் குத்தும். கூண்டுச் செலவில் பாதி கம்பிக்குப் போகிறது என்று வருத்தப்படுகிறவர்களிடம் இந்த இரண்டு துண்டையும் கையில் கொடுத்துவிடுவேன். அதற்குமேல் பேரம் இருக்காது.

அறுகோணக் கண் வைத்த கோழிவலை முயலுக்கு ஆகாது. கோழி தப்பிப் போகாமல் இருக்கத்தான் அது. நாய் வெளியிலிருந்து பல்லால் பிடித்து இழுத்தால் பிரிந்து வந்துவிடும். ஒரு வீட்டில் அப்படித்தான் ஆயிற்று, வேறொருவர் அடித்த கூண்டு. தெருநாய் இரண்டு சேர்ந்து வலையைக் கிழித்ததில் ஒரு முயல் போய்விட்டது. இன்னொன்றின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, அதுவும் விடியுமுன் செத்துவிட்டது. பயத்திலேயே உயிரை விடுகிற பிராணி இது. ராத்திரியில் பின்னங்காலால் தரையைத் தொப்பென்று அடிக்கிற சத்தம் கேட்டால் எதையோ கண்டு அரண்டிருக்கிறது என்று அர்த்தம், எழுந்து விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆகவே நாய் உள்ளே வராமல் தடுப்பது மட்டும் போதாது. நாயின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள உள்ளே ஒரு மறைவறையும் வேண்டும். மறைவறைக்கு இரண்டு வாசல் வைப்பேன், ஒன்றே இருந்தால் முயல் அதைப் பொறி என்று நினைத்து உள்ளே போகவே தயங்கும். அந்த அறையின் பின்சுவரும் பலகைச் சட்டம்தான், சட்டத்துக்குச் சட்டம் விரல் நுழைகிற இடைவெளி. இருட்டு வேண்டும், புழுக்கம் கூடாது.

பக்கவாட்டு வலையையும் நான் அரை இஞ்சிலேயே வைக்கிறேன். ஒரு இஞ்சுக் கண் வழியாகப் பெரிய முயல் போகாது, ஆனால் சின்னப் பாம்பு வரும், எலிக்குட்டி வரும், குட்டி முயல் வெளியே விழும். வலையைச் சட்டத்தின் உள்பக்கம் அடிப்பேன். முயலுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கொறித்துத்தான் தேய்க்க வேண்டும், வெளியே வலை அடித்தால் சட்டத்தையே கொறித்துத் தீர்த்துவிடும். ஆனால் உள்ளே அடித்த வலையை நாய் வெளியிலிருந்து முட்டினால் ஆணி பிடுங்கிக்கொள்ளும். அதனால் ஆணியே கிடையாது. ஸ்க்ரூவும் அகல வாஷரும், மூன்று இஞ்சுக்கு ஒன்று. வெட்டிய முனைகளை அரத்தால் ராவி உள்பக்கம் மடித்துவிட வேண்டும். உள்பக்க மரத்துக்குப் பெயின்ட் கூடாது, பிளைவுட்டும் கூடாது. கொறிப்பது வயிற்றுக்குள்தான் போகிறது. பழைய தேக்குத் துண்டு, வேம்பு, இவை போதும்.

காலுக்குச் சவுக்கு, தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். அடியில் செங்கல் அல்லது கருங்கல், இல்லாவிட்டால் கறையான். எறும்புக்கு நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது பழைய வழக்கம். இப்போது டெங்குக் கொசுப்புழு தேடி வீடு வீடாக வருகிறவர்கள் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுத் திட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். காலைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குக் கிரீஸ் தடவிவிட்டால் எறும்பு ஏறாது. குட்டி போட்டிருக்கிற நேரத்தில் இதை மறக்கவே கூடாது.

குட்டி என்றதும் சொல்ல வேண்டும். "ரெண்டும் பொட்டைதான், கடைக்காரரே பார்த்துச் சொன்னார்" என்று எத்தனை பேர் வந்திருப்பார்கள்! சின்ன வயதில் முயலை ஆண் பெண் பிரித்துப் பார்ப்பது பழகியவர்களுக்கே தடுமாறும். நான் மறுத்துப் பேசுவதில்லை. கூண்டின் நடுவில் மேலும் கீழும் ஒரு காடி இழைத்து, செருகித் தூக்குகிற மாதிரி வலைத் தட்டி ஒன்று செய்துவிடுவேன். ஆணும் பெண்ணும் என்று தெரிந்தால் பிரிக்கலாம், இரண்டும் கிடாயாகப் போய்ச் சண்டை போட்டாலும் பிரிக்கலாம். சினை 31 நாள். ஈன்ற அன்றைக்கே மறுபடியும் சினை பிடிக்கும். ஈனுமுன் தாய் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போடும், அதற்கு ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலத்தில் ஒரு பெட்டி 28-ஆம் நாளே உள்ளே இருக்க வேண்டும். பெட்டியின் வாசல் படி ஆறு இஞ்ச் உயரம். பால் குடிக்கிற குட்டி காம்பைப் பிடித்தபடியே வெளியே வந்துவிடும், படி தட்டினால் உள்ளேயே விழும். தாய் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில நிமிஷம்தான் பால் கொடுக்கும். மிச்ச நேரம் பெட்டிப் பக்கமே போகாது. குட்டிகளைத் தள்ளிவிட்டது என்று நினைத்து ஃபில்லரோடு கிளம்புகிறவர்களைத் தடுப்பதும் என் வேலையாகிவிட்டது.

ஒருமுறை கடலைக்காட்டில் அகப்பட்ட குட்டி என்று பழுப்பு நிறத்தில் ஒன்றைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கண் திறந்திருந்தது, உடம்பெல்லாம் ரோமம். அது நம் பக்கத்துக் காட்டு முயல். வீட்டு முயல் அம்மணமாய், கண் மூடிப் பிறக்கும். நம் பக்கத்துக் காட்டு முயல் ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, வளை தோண்டாமல் புல்லிலேயே படுத்துக்கொள்ளும். அதைக் கூண்டில் போட்டால் மோதி மோதியே சாகும். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். "எடுத்த இடத்துலயே சாயங்காலம் விட்டுடுங்க தம்பி, தாய் தேடி வரும்" என்று சொல்லி அனுப்பினேன். கூண்டு செய்து தரவில்லை.

அளவைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. இரண்டடிக்கு இரண்டடிப் பெட்டியில் முயல் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். நான்கு தாவல் தாவ இடம் வேண்டும், பின்காலில் நிமிர்ந்து நின்றால் காது மேலே இடிக்கக் கூடாது. இங்கிலாந்தில் முயல் நலச் சங்கத்தார் 'கூண்டு மட்டும் போதாது' என்றே ஒரு பிரசாரம் நடத்துகிறார்கள். ஒரு ஜோடிக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் என்பது அவர்கள் சொல்லும் குறைந்தபட்சம். படத்தில் பார்க்கிற அந்தச் சின்னப் பெட்டியை அந்த ஊர்க்காரர்களே இப்போது வேண்டாம் என்கிறார்கள், நாம் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம். அவ்வளவு பெரிய கூண்டுக்கு எல்லோராலும் முடியாது. நான் ஆறடிக்கு இரண்டரை அடி கூண்டு செய்து, கீழே மண்ணில் ஒரு பட்டி சேர்த்துக் கொடுக்கிறேன், வெயில் தாழ்ந்த பிறகு திறந்துவிட. பட்டிக்கு அடிப்பக்கம் வலையை ஒன்றரை அடி வெளிப்புறமாக மடித்து மண்ணுக்குள் புதைக்க வேண்டும். வெளியே நாய் தோண்டினால் வலைமேல்தான் நகம் படும். உள்ளிருந்து முயல் தோண்டுவதற்கு என்ன செய்வது என்றால், இரண்டு நாளைக்கொரு முறை ஓரத்தைக் காலால் மிதித்துப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

கத்திரி வெயிலில் சாக்கை நனைத்துத் தொங்கவிடச் சொல்வார்கள். காற்று ஓடுகிற பக்கத்தில் தொங்கவிட்டால் நல்லது. நாலா பக்கமும் ஈரச் சாக்கால் மூடினால் உள்ளே ஆவியும் புழுக்கமும் சேர்ந்து முன்னைவிட மோசமாகிவிடும். தரையில் இரண்டு நாட்டு ஓட்டைக் கவிழ்த்து நனைத்து வைத்தால் முயல் தானாகவே வந்து அதன்மேல் வயிற்றைப் போட்டுப் படுத்துக்கொள்ளும். தண்ணீருக்குக் கனமான மண்சட்டி. தொங்குகிற பாட்டிலில் தண்ணீர் மதியம் வெந்நீராகிவிடும்.

கதவை முன்பக்கம்தான் வைக்க வேண்டும். மேல் மூடியைத் திறந்து கையை விட்டால், பருந்து இறங்குகிறது என்றுதான் முயலுக்குத் தோன்றும். மிரண்டு பின்காலை உதைத்தால் அதன் முதுகெலும்பே ஒடிந்துபோகும், அவ்வளவு பலம் காலில், அவ்வளவு மெலிசு எலும்பு. இரண்டு கையாலும் ஏந்தி எடுக்கிற அகலம் கதவுக்கு வேண்டும். தாழ்ப்பாள் இரண்டு, மேலொன்று கீழொன்று. கொக்கி மட்டும் போட்டால் பூனை தட்டித் தட்டியே கழற்றிவிடும். எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் ஒருவர் கூண்டுக்கும் அசல் திண்டுக்கல் பூட்டுப் போட்டார். பிறகு சாவியைத் தேடி அலைந்த கதை வேறு. தாழ்ப்பாளும் ஒரு வளையமும் போதும்.

கொண்டுபோய் இறக்கியதும் வீட்டில் தினமும் கூட்டிப் பெருக்கப் போகிறவர் யார் என்று கேட்பேன். அநேகமாக அம்மாதான், அடம்பிடித்த பிள்ளை இல்லை. அவரைக் கதவுக்கு முன்னால் நிற்க வைத்து, கையை உள்ளே விட்டு நான்கு மூலையையும் தொடச் சொல்வேன். எட்டாத மூலை ஒன்று இருந்தால் அங்கே நாளைக்கே குப்பை தேங்கும், ஈரம் நிற்கும், ரத்தக்கழிச்சல் வரும், குட்டிகள் போகும். அந்தப் பக்கம் இன்னொரு கதவை வெட்டி, கீல் பொருத்தி, தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மிச்சப் பணத்தை வாங்குவேன்.